பாடு இல்லாத நாள்

திருத்தணி மலைக்கு மேற்கே, ஆந்திர எல்லையை ஒட்டியிருக்கும் எங்கள் அம்மையார்குப்பத்தில், கடலைக் கண்ணால் காணாமலே வாழ்நாளைக் கழித்துவிட்ட முதியவர்கள் சென்ற தலைமுறையில் பலர் இருந்தார்கள். தறிக்குழியில் கால் வைத்தால் விளக்கு வைக்கும் வேளை வரையில் எழ முடியாத ஜீவனம் அவர்களுடையது. ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணிக்குக் காவடி எடுப்பதும், பாவு வாங்கிவரவும் நெய்த துணியைக் கொடுத்துவரவும் அயலூருக்கு நடப்பதுமே அவர்களுக்கு வாய்த்த பிரயாணங்கள். ஆயினும் கடலுக்கும் எங்களுக்கும் சம்பந்தமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. மழைக்காலத்தில் ஆந்திரத்துக் கிருஷ்ணாபுரம் அணையிலிருந்து திறந்துவிடப்படும் நீர் பள்ளிப்பட்டு வழியாகக் கொசஸ்தலையாற்றில் புரண்டு வருவதும், எங்கள் பக்கத்து ஏரிகள் கோடி போகும்போது அந்த உபரிநீரும் ஓடைகளின் வழியே அதே ஆற்றுப் படுகையைச் சேர்வதும், சேர்ந்த வெள்ளம் 1944-இல் கட்டி முடிக்கப்பட்ட பூண்டி நீர்த்தேக்கத்தை நிரப்பி, மிச்சமிருப்பது தாமரைப்பாக்கம், வல்லூர் அணைக்கட்டுகளைத் தாண்டி எண்ணூர்க் கழிமுகத்தில் கடலோடு கலப்பதும் நல்ல மழை பெய்த ஆண்டுகளில் நாங்கள் கண்டும் கேட்டும் வருகிற காரியங்கள். எண்ணூருக்கு வடக்கே, உப்பங்கழிகளாலும் பக்கிங்ஹாம் கால்வாயாலும் அக்கழிமுகத்தோடு இணைந்து கிடப்பது பழவேற்காட்டு ஏரி. திருவள்ளூர் மாவட்டத்தின் மேற்கு ஓரத்தில் நாங்கள் இருக்கிறோம். கிழக்கு ஓரத்தில் அந்த ஏரி இருக்கிறது.

நீரின் சம்பந்தத்தைப் போலவே நூலின் சம்பந்தமும் உண்டு. டச்சுக்காரர் 1613-இல் பழவேற்காட்டில் கெல்டிரியா கோட்டையைக் கட்டிக்கொண்டு அமர்ந்ததற்கு முக்கியக் காரணம் துணி வாணிபம். சோழமண்டலக் கரையின் உள்நாட்டு நெசவூர்களிலிருந்து சென்ற கட்டம் போட்ட துணிகளும் கைக்குட்டைகளும் அந்தத் துறையிலிருந்து கீழைத் தீவுகளுக்குக் கப்பலேறின. மலாய் நாட்டில் ஆடவர் உடுத்தும் கட்டம் போட்ட கைலி இன்றளவும் பழவேற்காட்டின் பெயராலேயே அங்கு வழங்குகிறது. கோட்டை இடிந்து மண்மேடாகிவிட்டது. டச்சுக்காரர் கல்லறைகள் மட்டும் செதுக்கு வேலைப்பாட்டோடு நிற்கின்றன. தறிக்காரன் அந்தக் கரைக்குப் போனால் முழுக்க முழுக்க அந்நியனாகப் போகவில்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

இப்போது அந்தக் கரைக்குப் போகிறவர்கள் மிகப் பலர். பொங்கல் விடுமுறையிலும், கிறிஸ்துமஸ் முதல் புத்தாண்டு வரையிலான நாட்களிலும், ஞாயிற்றுக்கிழமைகளிலும் திருவள்ளூரிலிருந்தும் சென்னையிலிருந்தும் வேன்களிலும் மோட்டார் சைக்கிள்களிலும் கூட்டங்கூட்டமாக வந்து இறங்குகிறார்கள். பூநாரைகளைப் பார்க்க வேண்டும்; முகத்துவாரம் வரையில் படகில் போய்வர வேண்டும்; கூடுமானால் வலை போட்டோ தூண்டில் போட்டோ நாலு மீனைத் தம் கையால் பிடிக்க வேண்டும்; மாலையில் திரும்பிவிட வேண்டும். நண்பர்களோடு நீரில் மிதப்பதும், பிடித்த மீனைக் கரையிலேயே சுட்டுத் தின்பதும் மனிதனுக்குக் கிடைக்கும் மாசற்ற சந்தோஷங்களில் சேர்ந்தவை என்றே நான் கருதுகிறேன். அவற்றைப் பழிப்பது என் நோக்கம் அன்று. ஆனால் பொழுதுபோக்குக்காக ஒரு நீரில் இறங்குகிறவன், ஜீவனத்துக்காக அதே நீரில் இறங்குகிறவனுடைய கிரமத்துக்குக் கட்டுப்பட்டவன் என்பது என் திடமான அபிப்பிராயம். அந்தக் கிரமம் இன்னதென்று வருகிறவர்களுக்கு யாரும் சொல்லுவதில்லை; அரசாங்கமும் அதைக் கருதிப் பார்த்துத் தன் விதிகளை அமைக்கவில்லை.

பழவேற்காட்டு ஏரி, ஒடிஷாவின் சில்கா ஏரிக்கு அடுத்தபடியாக இந்தியாவின் மிகப் பெரிய உவர்நீர் ஏரி. தெற்கு வடக்காகச் சுமார் 60 கிலோமீட்டர் நீண்டு கிடக்கும் அதன் பெரும்பகுதி ஆந்திரத்தைச் சேர்ந்தது. தென்கோடி மட்டுமே நம்முடையது. கடலுக்கும் ஏரிக்கும் நடுவே ஸ்ரீஹரிகோட்டைத் தீவு கரையாக நிற்கிறது. இத்தனை பெரிய நீர்ப்பரப்பின் சராசரி ஆழம் ஒரு மீட்டர் அளவே என்று கேட்டால் புதியவர்கள் நம்ப மாட்டார்கள். பல இடங்களில் துடுப்புக்கு வேலையே இல்லை, நீண்ட கழியைச் சேற்றில் ஊன்றித் தள்ளிக்கொண்டே தோணியைச் செலுத்துகிறார்கள். வடகிழக்குப் பருவமழையில் ஆரணியாறு முதலிய ஆறுகளின் வெள்ளம் ஏரியில் புகுந்து முகத்துவாரத்தை அகலத் திறக்கிறது. கடலில் பிறந்த இறால் குஞ்சுகள் ஏற்றத்தில் உள்ளே வந்து, ஏரியின் இளஞ்சூட்டு நீரில் மேய்ந்து வளர்ந்து, மீண்டும் கடலை நாடி வற்றத்தோடு வெளியேறுகின்றன. அவ்வாறு வெளியேறும் வழியில், முகத்துவாரத்தை அடுத்த சில குறிப்பிட்ட இடங்களில், கழி ஊன்றிக் கட்டும் சுத்துவலைக்கு அவை ஏராளமாக அகப்படும். அந்த இடங்கள் சிலவே, வலைக்காரர்களோ பலர்.

இந்த இடத்தில்தான் நான் பெரிதும் மதிக்கும் ஏற்பாடு ஒன்று வருகிறது. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர் மாதாகுப்பம் என்னும் மூன்று ஊர்களின் மீனவர்கள் பரம்பரை பரம்பரையாக அதைப் 'பாடு' என்று வழங்கிவருகிறார்கள். எந்த ஊர் எந்த நாளில் எந்த இடத்தில் வலை கட்டலாம் என்பது முறைவைத்து வகுக்கப்பட்டிருக்கிறது. ஊருக்குள்ளே எவருக்கு எந்த இடம் என்பதைக் குலுக்கல் தீர்மானிக்கிறது. தலைக்கட்டுப் பட்டியலில் பெயருள்ளவர் மட்டுமே இதில் பங்கு பெறுவார். நல்ல இடம் ஒருவனுக்கே நிலைத்துவிடாது. கெட்ட இடமும் அப்படியே. வலிமை உடையவனோ, பெரிய தோணி வைத்திருப்பவனோ, விடியுமுன் எழுந்து ஓடுகிறவனோ முந்திக்கொள்ள இதில் வழி கிடையாது. தன் முறை வராத நாளில், கண்ணெதிரே இறால் துள்ளினாலும், கரையில் உட்கார்ந்து கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருக்க வேண்டியதுதான். எழுதப்பட்ட சட்டம் இல்லாமல், காவல்காரன் இல்லாமல், தலைமுறைகளாக இது நின்றிருக்கிறது. இலங்கையில் நீர்கொழும்புக் களப்பிலும் மீனவர் சங்கங்கள் சீட்டுப் போட்டு வலைக்கட்டும் இடங்களைப் பங்கிட்டுக்கொள்ளும் இதே மாதிரியான வழக்கம் இருக்கிறது. குறுகிய நீரில் பலர் பிழைக்க வேண்டியிருக்கும் இடங்களில் மனித அறிவு ஏறத்தாழ ஒரே வழியைத்தான் கண்டடைகிறது போலும்.

அதைக் குறையற்ற ஏற்பாடென்று நான் சொல்லவில்லை. பட்டியலில் இடம் பெறாதவர்களும் ஏரியை நம்பியே வாழ்கிறார்கள். இருளர் பெண்கள் இடுப்பளவு நீரில் மணிக்கணக்காகக் குனிந்தும் மண்டியிட்டும், சேற்றைக் கையால் துழாவி இறாலை ஒவ்வொன்றாகப் பிடித்துப் பறியில் இடுகிறார்கள். படகும் இல்லை, வலையும் இல்லை, பாடும் இல்லை. ஏரியைச் சுற்றியுள்ள வேறு பல ஊர்களும், தாழ்த்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்த மீன்பிடிப்பவர்களும் தங்களுக்கும் பங்கு வேண்டும் என்று நெடுநாளாகக் கேட்டுவருகிறார்கள். அதனால் சச்சரவுகளும் நேர்ந்திருக்கின்றன. இறாலுக்கு ஏற்றுமதிச் சந்தை வந்து விலை ஏறிய பிறகு போட்டி கடுமையாயிற்று; ஜனத்தொகை பெருகப் பெருக ஒருவனுடைய முறை திரும்பி வருவதற்கான இடைவெளியும் நீண்டுகொண்டே போயிற்று. பாட்டின் வாயில் அகலமாகத் திறக்கப்பட வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அதன் அடிப்படையான தத்துவமோ, முறை வந்தவன் மட்டும் இறங்குவது, மற்றவன் காத்திருப்பது என்பது. அது எந்தச் சட்டப் புத்தகத்திலும் காணக்கிடைக்காத நாகரிகம்.

இதை நான் நூல்களிலிருந்து மட்டும் அறிந்தவன் அல்லன். பல ஆண்டுகளுக்கு முன், படகுச் சவாரிக்குத் தடை என்ற பேச்சே எழாத காலத்தில், பொங்கலுக்காகத் தறிகள் ஓய்ந்திருந்த நாட்களில் ஊர் நண்பர்கள் சிலரோடு பழவேற்காட்டில் தங்கியிருந்தேன். பொன்னேரிப் பக்கத்தில் ஆசிரியராக இருந்த நண்பர் ஒருவரின் மூலமாகப் பழக்கமான வயோதிக மீனவர் ஒருவர் எங்களைத் தம் தோணியில் ஏற்றிக்கொண்டார். அவருடைய முறை வந்த இரவில், அரிக்கன் விளக்கின் மங்கிய ஒளியில், வற்றம் தொடங்கும் நேரத்தைக் காலால் நீரைத் தொட்டே அறிந்து அவர் வலை கட்டியதையும், விடியற்காலத்தில் வலையின் அடிமடியை அவிழ்த்தபோது வெள்ளை இறால்கள் தோணியின் பலகைகளில் சிதறித் துள்ளியதையும் கண்ட நாங்கள், இனித் தறியில் உட்காருவது எப்படி என்று பேசிக்கொண்டோம். பகல் வேளைகளில் ஆழமற்ற ஓரங்களில் மடவைக்கும் கிழங்கானுக்கும் தூண்டில் போட்டோம். நாங்கள் பிடித்தது அற்பம். பிடித்த சந்தோஷமோ அற்பம் அன்று.

கடைசி நாள் வந்தது. உல்லாசப் பிரயாணிகளுக்கு இறுதி நாள் என்பது ஒரு தனி மயக்கத்தைத் தருகிறது. அதுவரை சிக்காத கொடுவா அன்றைக்குச் சிக்கியே தீர வேண்டும் என்று மனம் கணக்குப் போடுகிறது. வீட்டாருக்கும் தெருவாருக்கும் வாக்குக் கொடுத்துவிட்டு வந்த மீனின் நினைவு வந்துவிடுகிறது. இனி எப்போது வரப் போகிறோம் என்ற ஏக்கம், செய்யத் தகாததையும் செய்யலாம் என்று தோன்றும்படி செய்துவிடுகிறது. எங்கள் கூட்டத்தில் இளையவன் ஒருவன் பெரியவரிடம் போய், "ஐயா, ஒரே ஒரு தரம் முகத்துவாரத்துப் பக்கம் போய் வலையைப் போட்டுட்டு வந்துடலாம். சாயங்காலம் நாங்க ஊருக்குப் போயிடுவோம்" என்று கேட்டான்.

அவர் பொத்திக்கொண்டிருந்த வலையிலிருந்து கண்ணை எடுக்காமலே, "இன்னிக்கு நம்ம பாடு இல்ல தம்பி. அது அவுங்க தண்ணி" என்றார்.

"ஒரு தடவைதானேங்க?"

"நீங்க சாயங்காலம் பூடுவீங்க. நாளைக்கு ஏலத்துல நான்தான் அவுங்க பக்கத்துல நிக்கணும்."

பிறகு நிமிர்ந்து கிழக்கே பார்த்து, காற்றும் சரியில்லை என்றார். அதன் காரணத்தையும் பொறுமையாக எடுத்துச் சொன்னார். வற்ற நேரத்தில் ஏரியின் நீர் முழுவதும் குறுகிய முகத்துவாரத்தின் வழியே கடலை நோக்கி விரைகிறது. வாடைக்காற்று வலுத்திருக்கும் நாளில் கடலின் அலை அதற்கு எதிர்முகமாக வந்து அடிக்கிறது. இரண்டும் மோதும் இடத்தில் அலைகள் குட்டையாகவும் செங்குத்தாகவும் எழுந்து, தட்டையான தோணியைப் பக்கவாட்டில் பிடித்துக்கொண்டால் கவிழ்த்துவிடுகின்றன. கூட்டம் ஏறிய தோணியில் ஒருவர் பயந்து எழுந்து நின்றாலும் போதும். ஏரி முழுவதும் முழங்கால் ஆழம் என்று நம்பி வருகிறவர்கள், முகத்துவாரத்தின் நீரோட்டம் தனக்கென்று ஆழமான வழியை அறுத்துவைத்திருப்பதை அறிய மாட்டார்கள். இவ்வளவையும் சொல்லிவிட்டு, வலையைக் கரையிலேயே விட்டு, தென்மேற்கு ஓரமாக ஆழமற்ற நீரில் எங்களை அழைத்துப் போனார். இருளர் பெண்கள் இறால் துழாவிக்கொண்டிருந்த இடம் வந்ததும், சேறு கலங்கினால் அவர்கள் கைக்கு இறால் அகப்படாது என்று தோணியை வெகுதூரம் விலக்கிச் சுற்றிக்கொண்டு சென்றார். ஊருக்குக் கொண்டுபோக வேண்டிய மீனை, மாலையில் ஏலத்துறையில் கூறு கட்டி விற்றுக்கொண்டிருந்த பெண்களிடம் விலை கொடுத்து வாங்கினோம். பேரம் பேச வேண்டாம் என்று ஆசிரிய நண்பர் முன்கூட்டியே எச்சரித்திருந்தார்.

ஒரு சாமானிய மீனவரின் அந்த மறுப்பில் இரண்டு கட்டுப்பாடுகள் ஒன்றாக இருந்தன: அயலானுடைய முறையைத் தொடக்கூடாது என்பது ஒன்று, நீரின் குணத்தை மீறக்கூடாது என்பது மற்றொன்று. ஒன்றைக் கைவிட்டவன் மற்றொன்றையும் கைவிட அதிக நேரம் ஆவதில்லை. பாட்டின் கண்டிப்பில் வளர்ந்த மனம்தான், இன்றைக்கு வேண்டாம் என்று காற்றைப் பார்த்தும் சொல்லக் கற்றிருக்கிறது.

2011 டிசம்பர் 25-ஆம் தேதி பழவேற்காட்டில் நேர்ந்ததைத் திருவள்ளூர் மாவட்டத்தார் மறக்க முடியாது. கிறிஸ்துமஸ் விடுமுறையைக் கழிக்க வந்த ஒரு உறவுக் கூட்டத்தார் ஏறிச் சென்ற படகு கவிழ்ந்து 22 பேர் மாண்டனர். குழந்தைகளும் பெண்களும் அவர்களில் இருந்தார்கள். படகு தாங்கக்கூடிய அளவுக்கு மேல் ஆட்கள்; உயிர்காப்பு அங்கிகள் இல்லை. அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன், 2009 செப்டம்பர் 30-இல் தேக்கடியில் உல்லாசப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்திருந்தார்கள். பிறகு 2023 மே 7-இல் கேரளத்துத் தானூரில் மறுபடியும் 22 பேர். மூன்று இடங்களிலும் நீர் வேறு, படகு வேறு. விடுமுறையின் உற்சாகமும், இன்னும் ஒரு நடை ஓட்டிவிடலாம் என்ற ஆசையும், வேண்டாம் என்று சொல்ல அதிகாரம் பெற்ற ஒருவர் இல்லாமையும் பொதுவானவை.

பழவேற்காட்டு விபத்துக்குப் பின் பிரயாணிகளைப் படகில் ஏற்றிச் செல்வதற்குத் தடை விதித்தார்கள். துக்கத்தின் நடுவே எடுக்கப்பட்ட அந்த முடிவை நான் குறை கூற மாட்டேன். ஆனால் பத்தாண்டுகளுக்கு மேலாகியும் அந்தத் தடை தடையாகவே நிற்க, தடையை மீறிய சவாரிகளைப் பற்றிய செய்திகளும் விடுமுறைதோறும் வந்துகொண்டே இருக்கின்றன. இவ்வாறு ஒளித்து நடக்கும் தொழிலில் எத்தனை பேர் ஏறினார்கள் என்பதற்குக் கணக்கு இல்லை. அங்கி கொடுத்தால் அதுவே சாட்சியாகிவிடும் என்று கொடுப்பதில்லை. போலீசார் கண்ணில் படாத நேரமும் இடமும் பார்த்துப் போக வேண்டியிருப்பதால், போகக்கூடாத நேரத்திலும் இடத்திலுமே போக நேர்கிறது. ஏரியை அறிந்து நிதானித்து ஓட்டும் முதிய மீனவன் சட்டத்துக்கு அஞ்சி ஒதுங்கிக்கொள்ள, துணிச்சல்காரன் மட்டும் மிஞ்சுகிறான். உயிரைக் காக்க வந்த விதி, உயிரைக் காக்க வல்லவர்களையே அப்புறப்படுத்திவிட்டது என்றுதான் இதைக் கருத வேண்டியிருக்கிறது.

ஆகவே நான் வேண்டுவது, தடையை வெறுமனே நீக்குவதன்று. பாட்டின் தத்துவத்தை இந்தச் சவாரிக்கும் விரிப்பது. எந்தெந்த ஊர், எந்தெந்த நாளில், எத்தனை தோணிகளை, எந்த எல்லைக்குள் செலுத்தலாம் என்பதை ஊர்ப் பஞ்சாயத்தாரும் மீன்வளத் துறையாரும் சேர்ந்து முறைவைத்து வகுக்க வேண்டும். முகத்துவாரம் எக்காலத்திலும் விலக்கப்பட வேண்டும். ஏறுகிறவர் தொகை தோணியின் பக்கத்தில் வண்ணத்தால் எழுதப்பட்டிருக்க வேண்டும்; அங்கி அணியாதவன் ஏற இயலாது; காற்றுப் பார்த்து அன்றைய சவாரியை நிறுத்தும் அதிகாரம் சுற்றுலா அலுவலகத்தாரிடம் இல்லாமல் ஏரியிலேயே முதிர்ந்த மீனவர் இருவர் மூவரிடம் இருக்க வேண்டும். ஸ்ரீஹரிகோட்டையில் ராக்கெட் ஏவும் நாட்களில், போகக்கூடாது என்று சொல்லப்பட்ட நீரில் மீனவர் போகாமல் இருக்கிறார்கள். தங்களுக்கு நியாயமாகப் பட்ட ஒரு விதிக்கு அவர்கள் கட்டுப்பட மாட்டார்கள் என்று அஞ்ச வேண்டியதில்லை. சிதம்பரத்தை அடுத்த பிச்சாவரத்தில் உள்ளூர்ப் படகோட்டிகளைக் கொண்டே சதுப்புக்காட்டுக்குள் சவாரி நடக்கிறது. சில்கா ஏரிக்கரை மங்கலாஜோடியில், ஒரு காலத்தில் வலசைப் பறவைகளை வேட்டையாடியவர்களே இன்று நாட்டுப்படகில் பறவை காட்டும் வழிகாட்டிகளாக இருந்து கௌரவமாகப் பிழைக்கிறார்கள். பூநாரைகள் வந்திறங்கும் பழவேற்காட்டில் இது முடியாமற் போவதற்குக் காரணம் எதுவும் எனக்குத் தென்படவில்லை. தலைக்கட்டுப் பட்டியலுக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்களுக்கும் இந்தப் புதிய முறையில் தொடக்கத்திலேயே சமபங்கு கொடுத்துவிடலாம். பழைய பாட்டில் கதவு திறக்க எத்தனை தடைகள் இருந்தாலும், புதிதாகப் போடும் பட்டியலில் யாரையும் விலக்க வேண்டிய அவசியம் இல்லை.

சவாரியை ஒழுங்குபடுத்தினால் ஏரி பிழைத்துவிடும் என்று எண்ணிவிடக் கூடாது. முகத்துவாரம் மணலால் தூர்ந்து போவது பழவேற்காட்டாரின் நெடுநாள் முறையீடு. வாய் அடைபட்ட ஏரியில் இறால் உள்ளே வரவும் முடியாது, வெளியே போகவும் முடியாது. பாடு இருந்தும் பயன் இல்லாமற் போகும். சில்காவில் 2000-ஆம் ஆண்டு செப்டம்பரில் கடலுக்குப் புதுவழி வெட்டிய பின் மீன்வளம் திரும்பி வந்ததை நாடறியும். தெற்கே எண்ணூரின் கதை இதைவிடக் கசப்பானது. அனல்மின் நிலையச் சாம்பல் படிந்து கழிமுகம் மேடிட்டது போதாதென்று, 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு பக்கிங்ஹாம் கால்வாய் வழியே எண்ணெய்க் கசடு வந்து பரவியபோது, மீனவர்கள் தங்கள் படகுகளைக் கொண்டும் தங்கள் கைகளைக் கொண்டுமே அதை அள்ளிக் கொட்டினார்கள். வலையும் படகும் கரியேறிப் போயின. பல நாட்கள் தொழில் நின்றது.

மேட்டுநிலத்து நெசவாளர்களாகிய எங்களுக்கும் இதில் கடமை உண்டு. நகரி, புத்தூர்ப் பக்கத்துச் சாயப்பட்டறைகளின் கழிவு கொசஸ்தலையாற்று நீரில் கலக்கிறது என்ற முறையீடு எல்லைக்கு இருபுறமும் வெகுகாலமாக எழுந்துகொண்டிருக்கிறது. பாவுக்கும் ஊடைக்கும் நாங்கள் ஏற்றும் நிறம், துவைத்தால் போகக்கூடாதென்று கவலைப்படுகிறோம். தொட்டியில் மிஞ்சிய சாயநீர் எங்கே போகிறதென்று அதே கவலையோடு கேட்பதில்லை. மழைக்காலத்து வெள்ளம் அதைப் பூண்டிக்குக் கொண்டுபோனால் சென்னை நகரத்தார் குடிநீரில் சேர்கிறது. அதற்கப்பால் போனால் எண்ணூர்க்காரர் வலையில் சேர்கிறது. 1960 ஏப்ரல் 1-ஆம் தேதி நம் மாநிலத்தோடு இணைந்த திருத்தணிக்காக ம.பொ. சிவஞானம் முதலியோர் நடத்திய போராட்டத்தை எங்கள் ஊர்களில் இன்றும் பெருமையோடு நினைவுகூர்கிறோம். எல்லை வகுக்கப்பட்டதால் ஆற்றின் மேற்பகுதி ஒரு மாநிலத்திலும் கீழ்ப்பகுதி வேறொரு மாநிலத்திலும் அமைந்துவிட்ட பின், அந்த ஆற்றைக் காக்கும் பொறுப்பு இருவருக்கும் நடுவே விழுந்து கிடக்கிறது. பழவேற்காட்டு ஏரியிலும் இரு மாநில மீனவர்களிடையே எல்லைத் தகராறுகள் எழுந்து அடங்குகின்றன. தமிழும் தெலுங்கும் இரண்டும் பேசி, எல்லை தாண்டிப் பெண் கொடுத்துப் பெண் எடுக்கும் எங்களைப் போன்ற ஊரார், இவ்விரண்டு தரப்பாரையும் ஒரே திண்ணையில் உட்காரவைக்கத் தகுதியுடையவர்கள் என்று நான் நம்புகிறேன். அந்தப் பேச்சுவார்த்தையின் முதல் விஷயமாக எங்கள் சாயத்தொட்டி நீரையே வைக்கலாம். தன் குற்றத்தை முதலில் எடுத்து வைப்பவனிடம் அயலான் கோபத்தோடு பேச மாட்டான்.

மார்கழி பிறந்தால் பழவேற்காட்டுக்குக் கூட்டம் பெருகத் தொடங்கிவிடும். அதற்கு முன், ஐப்பசியிலேயே, மாவட்ட ஆட்சித் தலைவர் மூன்று குப்பத்தாரையும், பட்டியலில் இல்லாத ஊராரையும், இருளர் பெண்களையும், மீன்வளம், காவல், சுற்றுலா ஆகிய துறையாரையும் ஏரிக்கரையிலேயே ஒருநாள் கூட்டி உட்காரவைத்து, சவாரிக்கான முறைநாட்களையும் தோணிகளின் தொகையையும் கட்டணத்தையும் குறித்து எழுதி, பேருந்து நிலையத்திலும் ஏலத்துறையிலும் தமிழிலும் தெலுங்கிலும் ஒட்டிவிடலாம். எந்த நாள் எந்த ஊரின் பாடு என்பதும் அந்தத் தாளிலேயே இருக்க வேண்டும். வேனை விட்டு இறங்குகிறவன் முதலில் படிப்பது அதுவாக இருக்கட்டும்.